மதாம் நெமாத்தும் காணாமல்போன வெள்ளிக்கிழமையும்

பதவி: உதவிச் சோதனையாளர், இரண்டாம் நிலை. பணி: மென்பொருள் சோதனைகளுக்கான முன்னேற்பாட்டுக் கோப்பைப் பராமரித்தல். மேற்பார்வை: இடைவிடாது தேவை. முடிவெடுக்கும் அதிகாரம்: இல்லை. குணநலன்: மேலிடத்து அறிவுறுத்தலை எதிர்பார்த்து, அதன்படி மட்டும் செயல்படுபவர், தன்னிச்சையாக இயங்கும் இயல்பு அற்றவர்.

எங்கள் அலுவலகப் பணியாளர் கோப்பில் மதாம் நெமாத் ராதியைப் பற்றி உள்ள விவரம் இவ்வளவுதான். எழுதியவர் அவரை நேரில் பார்க்காமல் எழுதிவிட்டார் என்று சொல்ல வழியில்லை. பார்த்திருக்கிறார். இரண்டு முறை பயந்துமிருக்கிறார். ஆனாலும் படிவத்தில் கட்டங்கள் இருந்தன, கட்டங்களை நிரப்பியாக வேண்டும்.

கெய்ரோவை ஒட்டிய தொக்கியில் பழைய குடியிருப்பு ஒன்றின் நான்காம் மாடியில் எங்கள் நிறுவனம் இருக்கிறது. பெயர் வேண்டாம். குளியலறையில் சர்வர், சமையலறையில் மனிதவளத் துறை. கூடத்தில் நாங்கள் பதினான்கு பேர். கெய்ரோ முழுக்க உள்ள டயாலிசிஸ் மையங்களுக்கு நாங்கள் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தோம். எந்த நோயாளி, எந்த நாள், எந்த மணிக்கு, எந்த இயந்திரம் என்று பட்டியல் போட்டு, இரண்டு நாள் முன்னதாக அவரவர் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மையத்தில் இயந்திரமும் இல்லை, நாற்காலியும் இல்லை. காவலாளியின் சலாம்கூடக் கிடைக்காது.

இப்படிப்பட்ட நிரலை யாரும் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அனுப்புவதில்லை. நிரலின் ஒவ்வொரு சிறு துண்டையும் தனியே பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கும் சின்னச் சின்னச் சோதனைகள் உண்டு. எங்களிடம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. கூடத்துச் சுவரில் ஒரு பெரிய டி.வி.; எல்லாச் சோதனையும் தேறினால் திரை பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. நான்கு ஆண்டுகளாக அது பச்சையாகவே இருந்தது. எங்கள் மேலாளர் ஷாமில் தினமும் காலையில் வந்ததும் அதன் முன் ஒரு நிமிடம் நிற்பார். சிலர் மீன்தொட்டி வளர்ப்பதில்லையா, அப்படி.

சோதனை என்றால் சும்மா நடந்துவிடாது. கேள்வி கேட்பதற்கு முன் ஒரு நோயாளி வேண்டும், ஒரு மையம் வேண்டும், ஒரு கடிகாரம் வேண்டும். உண்மையானவற்றை அழைத்துவந்தால் நேரம் பிடிக்கும், அவற்றின் மனநிலையும் நம் கையில் இல்லை. ஆகவே டம்மிகளை வைப்பது தொழில் வழக்கம். அதில் தப்பில்லை. ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய ஓரிரு டம்மியைத் தானே கொண்டுவந்து, வேலை முடிந்ததும் தானே எடுத்துப்போக வேண்டும். எல்லாப் பாடநூலும் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் எல்லோரும் அதைப் படித்துத் தேர்ச்சி பெற்றவர்கள். எனவே அப்படிச் செய்யவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு முன்னேற்பாட்டுக் கோப்பு. அலுவலகத்தில் அதை 'அம்மா' என்றோம். ஷாமில் நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் கையால் எழுதியது. பிறகு வந்த ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை அதில் சேர்த்தோம், ஒருவரும் எதையும் எடுக்கவில்லை. இரண்டாயிரத்து நூற்று நாற்பது வரிகள். எல்லாச் சோதனையும் அம்மாவின் பிள்ளை. ஒரு தொலைபேசி எண்ணில் பதினோரு இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் பரம சாதுவான சோதனைக்குக்கூட அம்மா முதலில் ஒரு மருத்துவமனை கட்டுவாள், மூன்று தாதிகளை வேலைக்கு வைப்பாள், நாற்பது நோயாளிகளைப் படுக்க வைப்பாள், பிறகுதான் இலக்கம் எண்ணப்படும். ரமலான் மாதத் தெருப்பந்திபோல: யார் வேண்டுமானாலும் உட்காரலாம், என்ன வேண்டுமானாலும் எடுக்கலாம், சமைத்தது யார் என்று கேட்பது நாகரிகமில்லை.

அந்த நாற்பது பேரில் முக்கியமானவர் ஹாஜி மித்வல்லி என்ற டம்மி நோயாளி. நான்கு ஆண்டுகளாக அவருக்கு வயது அறுபத்தொன்று. முந்நூற்று நாற்பதாவது சோதனையில் அவர் இறந்துபோவார். முந்நூற்று நாற்பத்தொன்றாவதில் சிகிச்சைக்கு நேரத்துக்கு வந்துவிடுவார். சோதனைகளின் வரிசை மாறினால் ஹாஜி செத்தே கிடப்பார், பின்னால் வரும் எழுபது சோதனைகள் விழுந்துவிடும். இது எழுத்தில் எங்கும் இல்லை. மதாம் நெமாத்தின் தலையில் மட்டும் இருந்தது. மேற்பார்வை இடைவிடாது தேவைப்படும் இந்த அம்மையார் ஒரு வாரம் விடுப்பில் போனபோது நாங்கள் பதின்மூன்று பட்டதாரிகள் நாள் முழுவதும், சுவர் டி.வி.க்குத் தெரியாமல் எங்கள் கணினிகளிலேயே, ஹாஜியை உயிர்ப்பிக்க முயன்று, கடைசியில் அலெக்சாண்டிரியாவில் இருந்த அம்மையாருக்கே போன் போட்டோம்.

நெமாத்துக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. எங்களிடம் வருமுன் பத்தொன்பது ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இறந்தவர் நேரில் வந்து தாம் இறக்கவில்லை என்று சொன்னாலும் அதற்கு மூன்று பிரதி கேட்ட அலுவலகம் அது. அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு: எதையும் கையெழுத்தில்லாமல் செய்யாத பழக்கம், நீல மைப் பேனா.

ஏழு ஆண்டுகள் கழித்து அரசாங்கம் கோடை நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்த ஆண்டு அது. ஏப்ரலின் கடைசி வெள்ளிக்கிழமை முதல் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ள வேண்டும் என்று ரமலானில் செய்தி வந்தது. அன்றே நெமாத் ஷாமிலின் மேசைக்குப் போனார்.

"பாஷ்முஹந்திஸ், அந்த வெள்ளிக்கிழமைய வச்சு ஒரு சோதனை எழுதலாம்னு பார்த்தேன். எழுத முடியலை."

பாஷ்முஹந்திஸ் என்றால் தலைமைப் பொறியாளர். கெய்ரோவில் சுத்தியல் பிடித்த எவரையும் அப்படிக் கூப்பிடலாம். ஷாமில் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொள்வார்.

"ஏன் முடியலை?"

"நீங்க அம்மாவுக்குள்ள ஒரு டம்மிக் கடிகாரம் வச்சிருக்கீங்க. அதுல எப்பவும் இரண்டாயிரத்துப் பத்தொன்பது, மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நான் எந்த நாளைச் சொன்னாலும் அம்மா கேக்க மாட்டேங்குறா. செவ்வாய்தான்னு அடம் பிடிக்குறா."

"மதாம், நோன்பு நேரத்துல கடிகாரத்தைப் பத்திப் பேசாதீங்க, பசி அதிகமாகுது. நேரம் மாத்துறதெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கும். பெருநாள் முடிஞ்ச வியாழக்கிழமை சென்டர்கள்ல இருந்து டாக்டர் இன்ஷிராஹ் புது வெர்ஷனுக்குக் கையெழுத்துப் போட வர்றாங்க. அதுவரைக்கும் அம்மாவை யாரும் தொடக்கூடாது."

"எழுத்துல குடுக்கிறீங்களா?"

"எதுக்கு எழுத்து? சொல்றேன்ல!"

நெமாத் தம் இடத்துக்கு வந்தார். நாட்குறிப்பில் தேதி போட்டு, 'வாய்மொழி' என்று எழுதிக் கோடிட்டார்.

பெருநாள் முடிந்து புதன்கிழமை அலுவலகம் திறந்தது. ஆளுக்கொரு தகரப்பெட்டி நிறையக் கஹ்க் என்ற பெருநாள் பிஸ்கட் கொண்டுவந்திருந்தோம்; விசைப்பலகை எல்லாம் பொடித்த சர்க்கரை. லிப்ட் வழக்கம்போல் மூன்றாம் மாடியில் நின்றுபோக, அதைத் தட்டி எழுப்பத் தெரிந்த ஒரே ஆளான வாயில்காப்பாளர் பெகீத் மாடிக்கே வந்துவிட்டார். அசுவான் பக்கத்துக்காரர், அறுபத்து மூன்று வயது, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எங்கள் நிரல் பட்டியல் போடும் மையத்தில்தான். வெள்ளிக்கிழமை பொதுவாக மையங்களுக்கு விடுமுறை. இடம் போதாததால் அங்கே மட்டும் இருபத்து மூன்று பேருக்கு அன்றும் ஒரு ஷிப்ட் நடந்தது.

"மதாம், உங்க கம்ப்யூட்டர் என் வெள்ளிக்கிழமையத் தின்னுடுச்சு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"புதன் காலையில டிங்குனு மெசேஜ் வரும். இன்னைக்கு வரலை. சென்டருக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு, 'பெரியவரே, இந்த வாரம் வெள்ளிக்கிழமை இல்லை'ங்குது. ஏம்மா, வியாழன் இருக்கான்னேன். இருக்காம். சனி? அதுவும் இருக்காம். அப்ப நடுவுல என்னதாம்மா இருக்குன்னா, 'சிஸ்டத்துல ஒண்ணும் காட்டலை'ங்குது."

நான் சிரித்துவிட்டேன். நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடும் பெகீத் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"நீ சிரி தம்பி. அடுத்த செவ்வாய் வரைக்கும் இந்த உடம்புல தண்ணி ஏறும். போன வருஷம் ஒரு தடவை விட்டுப்போச்சு. கால் தூணாட்டம் வீங்கி, மூச்சு முட்டி, என்னைத் தூக்கிட்டுப் போனதே இந்த மதாம் பிடிச்ச டாக்ஸியிலதான். அதுக்கப்புறம் லிப்டு மூணு நாள் ஓடலை, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. நெமாத் ஒரு தட்டில் இரண்டு கஹ்க் எடுத்து அவர்முன் வைத்தார். அவருக்கு ஆகாது என்று நினைவு வந்து ஒன்றைத் திரும்ப எடுத்தார். பிறகு உட்கார்ந்து, அம்மாவைத் திறந்து, நூற்றுப் பதினெட்டாவது வரியில் இருந்த செவ்வாய்க்கிழமையை அழித்தார்.

சுவர் டி.வி. சிவந்தது. நான்கு ஆண்டுகளில் முதல் முறை. ஒருவர் தீயணைப்பானைப் பார்த்தார்.

முந்நூற்றுப் பதினேழு சோதனைகள் விழுந்திருந்தன. அவை எல்லாம் கெட்டுப்போனவை அல்ல. இன்று என்ன நாள் என்று அதுவரை தாமாகச் சொல்லிப் பழகாதவை, அவ்வளவுதான். நெமாத்தும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கையிலும் அதனதன் நாளைக் கொடுத்தோம். வயது கணக்கிடும் சோதனைக்குப் பிப்ரவரி இருபத்தொன்பது, விடுமுறைச் சோதனைக்குப் பெருநாள். ஹாஜி மித்வல்லியைக்கூட ஒரே சோதனையில் பிறந்து அதே சோதனையில் மரியாதையாகப் போய்ச்சேர வைத்தார். "பாவம், நாலு வருஷமா அலைக்கழிச்சிட்டோம்" என்றார். மாலை நான்கு மணிக்கு எல்லாம் எழுந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அது நெமாத் புதிதாக எழுதியது: ஏப்ரல் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, பெகீத் என்றொரு நோயாளி, அவருக்கு ஓர் இயந்திரம் உண்டா? நிரல் சொன்ன பதில்: பட்டியல் காலி.

காரணம் எளிது, எளிதாக இருப்பதால்தான் வெட்கம். எங்கள் நிரலுக்கு ஒரு நாள் என்றால் அது நள்ளிரவு பூஜ்ஜிய மணியில் தொடங்கியாக வேண்டும். கோடை நேரம் வரும்போது எங்கள் நாட்டில் வியாழன் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு அடுத்த நிமிடம் வெள்ளி ஒரு மணி. பூஜ்ஜிய மணி என்பதே அன்று கிடையாது. நிரல் அந்த நள்ளிரவைத் தேடிப் போய், கிடைக்காமல், கூச்சல் போடும். அந்தக் கூச்சல் யாருக்கும் கேட்காமல் வாயைப் பொத்தி, அதற்குப் பதில் ஒரு காலிப் பட்டியலை நீட்டும் வரி ஒன்று இருந்தது. அதை எழுதியவன் நான். எழுதியபோது அதற்குச் சோதனையும் எழுதினேன். சோதனை தேறியது. மார்ச் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைக்கு நள்ளிரவு இருந்ததல்லவா.

நிரலில் கைவைக்க ஷாமிலின் அனுமதி வேண்டும்; பெருநாள் விடுப்பை ஒரு நாள் நீட்டியிருந்த அவர் வியாழன் காலை ஒன்பதரைக்குத்தான் வந்தார். மீன்தொட்டியின் முன் நின்றார்.

"யார் அம்மாவைத் தொட்டது?"

"நான்தான்" என்றார் நெமாத்.

"ஏன்?"

"உள்ள ஒரு செவ்வாய்க்கிழமை இருந்துச்சு. வெளியில எடுத்தேன்."

"அதை வச்சது நான், மதாம்!"

"தெரியும், பாஷ்முஹந்திஸ். நல்ல நாளாப் பார்த்துத்தான் வச்சிருக்கீங்க. லீவு இல்லை, நோன்பு இல்லை, மாசக் கடைசி இல்லை. அந்த நாள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவர் வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னார். ஷாமில் முட்டாள் இல்லை, உடனே புரிந்துகொண்டார். புரிந்ததும் சோதனையைச் சரிசெய்யலாமா, நிரலைச் சரிசெய்யலாமா என்று யோசிக்காமல், டி.வி.யை எப்படிச் சரிசெய்யலாம் என்று யோசித்தார். அதற்குத்தான் அவரை மேலாளர் ஆக்கியிருந்தார்கள்.

"இங்க பாருங்க. பதினோரு மணிக்கு டாக்டர் வர்றாங்க. இந்த ஒரு சோதனைய எடுத்துடுங்க, கடிகாரத்தைத் திருப்பி வச்சுடுங்க. கையெழுத்து ஆனதும் ஞாயித்துக்கிழமை சாவகாசமாச் சரி பண்ணிக்கலாம்."

"வெள்ளிக்கிழமை வர்றது ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஆச்சே."

"இருபத்து மூணு பேரு, மதாம். நான் அந்த சென்டருக்கு நேர்ல போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"அவங்க சிஸ்டத்தைத்தான் பார்ப்பாங்க. சிஸ்டம் நம்மளது."

"மதாம்! நான் உத்தரவு போடறேன்."

நெமாத் எழுந்து நின்றார். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். உத்தரவு என்றால் நின்றுதான் கேட்பார்.

"சரிங்க பாஷ்முஹந்திஸ். என் படிவத்துல முடிவெடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லைன்னு போட்டிருக்கு. மேலிடத்து அறிவுறுத்தல்படிதான் நடக்கணும். குடுங்க."

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். கரித்தாள் இரண்டு, வெள்ளைத்தாள் இரண்டு அதன் அடியில். ஏற்கெனவே எழுதியிருந்தது. ஷாமில் உரக்கப் படிக்கத் தொடங்கி, நடுவில் குரலைத் தணித்துக்கொண்டார்:

'கீழே கையொப்பமிடும் நான், வரும் வெள்ளிக்கிழமை எமது நிரலில் இல்லை என்பதையும், அதனால் இருபத்து மூன்று நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்காது என்பதையும் நன்கறிந்து, அதைக் கண்டுபிடித்த சோதனையை நீக்கும்படியும், பழைய செவ்வாய்க்கிழமையை மீண்டும் நிறுவும்படியும் இதன்மூலம் உத்தரவிடுகிறேன்.'

"இதுல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"நீல மையில" என்று பேனாவை நீட்டினார் நெமாத்.

அடுத்த ஒரு மணி நேரம் எங்கள் அலுவலகத்தில் நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அந்தத் தாள் மேசையில் இருந்தது, ஷாமில் அதைச் சுற்றி நடந்தார். ஒருமுறை பேனாவை எடுத்தார். 'நன்கறிந்து' என்ற சொல்லை அடிக்கலாமா என்று கேட்டார். அடித்தால் அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வேண்டும் என்றார் நெமாத். மனிதவளத்திடம் போய்ச் சமையலறையில் பேசிவிட்டு வந்தார். டி.வி.யை அணைத்துவிடலாம் என்று நாற்காலி போட்டு ஏறினார். அதன் பொத்தான் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, நான்கு ஆண்டுகளாக அதை யாரும் அணைத்ததில்லை.

அவர் நாற்காலி மேல் நிற்கும்போதுதான் டாக்டர் இன்ஷிராஹ் உள்ளே வந்தார். மையங்களின் தலைவி. லிப்ட் ஓடாததால் நான்கு மாடி ஏறி வந்த களைப்பு முகத்தில்.

"பெருநாள் வாழ்த்து. அது என்ன சிவப்பு?"

ஷாமில் இறங்கினார். "அது ஒண்ணுமில்ல டாக்டர், ஒரு தொழில்நுட்ப…"

"வெள்ளிக்கிழமை, டாக்டர்" என்றார் நெமாத். "நாளைக்கு உங்க சென்டர்ல இருபத்து மூணு பேரு பட்டியல்ல இல்லை. கீழ லிப்டுக்காரரும் அதுல ஒருத்தர்."

டாக்டர் நின்றபடியே மையத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் அதே பெண். வெள்ளிக்கிழமை இல்லை என்று அதே பதில். டாக்டர் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரத்துல சரியாகும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் கஹ்க், மீசையில் சர்க்கரை. "ரெண்டு மணிக்குள்ள" என்றேன்.

"அப்ப நான் இங்கேயே இருக்கேன். பச்சையானதும் கையெழுத்துப் போடறேன். டீ கிடைக்குமா?"

ஒன்று நாற்பதுக்கு முடிந்தது. மாற்றியது பத்தொன்பது வரி: ஒவ்வொரு நாளையும் நள்ளிரவில் தொடங்காமல், அந்த நாளில் உண்மையிலேயே இருக்கும் முதல் நிமிடத்தில் தொடங்கச் சொன்னேன். வாயைப் பொத்திய வரியையும் எடுத்தேன். திரை பச்சையானது, டாக்டர் கையெழுத்திட்டார். இரண்டரை மணிக்கு மாடிப்படிக்குக் கீழேயிருந்து டிங்கென்று ஒரு சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெகீத் சித்தப்பாவிடம் நலம் விசாரித்தோம்.

"போனேன், எல்லாம் ஆச்சு. ஆனா அந்த நர்சு என்னைக் கிழிச்சுட்டா. ஒரு மணி நேரம் லேட்டுங்குறா. நான் சரியாத்தான் போனேன், என் வாட்சைப் பாரு."

நெமாத் அவர் கையைப் பிடித்து, வாட்சில் முள்ளை ஒரு மணி முன்னே நகர்த்தினார். "இதுக்கு யாரு கையெழுத்து?" என்று கேட்டார் பெகீத். லிப்ட் அன்று நான்காம் மாடி வரை வந்தது.

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஷாமில் டாக்டரை வழியனுப்பும்போது, பிழைகளை வாடிக்கையாளர் முன் மறைக்காமல் சிவப்பிலேயே காட்டுவது தாம் இந்த நிறுவனத்தில் உருவாக்கியிருக்கும் பண்பாடு என்றார். டாக்டர் அதை நம்பினாரோ இல்லையோ, எங்கள் நிர்வாகம் நம்பியது. டிசம்பரில் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், டி.வி.க்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பற்றி அவர் மூன்று கூட்டங்களில் பேசிவிட்டார். பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்து, இப்போது உண்மையாகவே சிவப்பைக் கண்டால் அவர் பயப்படுவதில்லை. பொய் சொல்லி ஒரு மனிதர் திருந்தியதை நான் பார்த்தது அப்போதுதான்.

நெமாத்துக்கும் ஆண்டு மதிப்பீடு வந்தது. 'வாய்மொழி அறிவுறுத்தல்களைப் பின்பற்றுவதில் மெத்தனம்' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. மூன்று பிரதிகளிலும் கையெழுத்திட்டு, ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டார். அம்மா இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். பதவி அதேதான்: உதவிச் சோதனையாளர், இரண்டாம் நிலை, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. கையெழுத்தாகாத அந்தத் தாள் இன்னும் அவர் இழுப்பறையில், கரித்தாளோடு அப்படியே இருக்கிறது.

மதாம் நெமாத் ஏப்ரல் இருபத்தாறாம் தேதி, புதன்கிழமை, முன்னேற்பாட்டுக் கோப்பின் நூற்றுப் பதினெட்டாவது வரியை அழித்தார். அதைத் திரும்ப வைக்கும்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் திரும்ப வைக்கவில்லை.